பக்கத்து வீட்டுப் பையன் நம் வைஃபையில் இருக்கிறானா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வியாசர்பாடியில் மூன்றாவது மாடி வீடு, ஃபைபர் இணைப்பு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் நெட் நகரவே மாட்டேன் என்கிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் பதினொரு கருவி காட்டுகிறது. வீட்டில் இருப்பதோ நான்கு போன். எதிர்வீட்டுப் பையன்மேல் சந்தேகம். வீடியோவில் சொன்னபடி வைஃபை பெயரை மறைத்து, மேக் ஃபில்டர் (பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும் உள்ளே விடும் வசதி) போட்டுவிட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. நெட் ஏன் மெதுவாகிறது? யாராவது உள்ளே இருக்கிறார்களா? இருந்தால் எப்படி வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவது? மூன்றுக்கும் அந்தப் பையன்தான் காரணம் என்று நீங்கள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நான் அவ்வளவு சீக்கிரம் எழுத மாட்டேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. தண்டையார்பேட்டையில் கேபிள் டிவிக்கு ஒயர் இழுக்கிற பையனாக ஆரம்பித்தவன். அப்புறம் பிராட்பேண்ட், இப்போது ஃபைபர் என்று பதினெட்டு வருஷமாகக் கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு, திருவொற்றியூர் எல்லாம் மாடி ஏறி இறங்குகிறேன். “அண்ணே, நம்ம நெட்டை யாரோ ஓசியில ஓட்டுறாங்க” என்ற புகார் எனக்கு வாரத்துக்கு ஒன்றாவது வரும். போய்ப் பார்த்தால் சில வீட்டில் உண்மையாகவே ஆள் இருப்பார். பல வீட்டில் இருக்க மாட்டார்.

முதலில் மெதுவாவதைப் பார்த்துவிடலாம். வைஃபை பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் ஓடுகிறது. 2.4-இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. இப்போது போனில் வைஃபை பட்டியலைத் திறந்து எத்தனை பெயர் தெரிகிறது என்று எண்ணுங்கள். நெருக்கமான அடுக்குமாடிகளில் நான் முப்பதுக்கு மேல் எண்ணியிருக்கிறேன். ஒரு சேனலில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பதுதான் வைஃபையின் விதி. தண்ணி லாரியில் மூன்று குழாய், கீழே முப்பது குடம். ராத்திரி எட்டு மணிக்கு எல்லாக் குடமும் ஒரே நேரத்தில் வரிசைக்கு வருகிறது. இதில் யாரும் உங்கள் குடத்திலிருந்து எடுக்கவில்லை, வரிசைதான் நீளம்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. லேப்டாப் இருந்தால் ரூட்டரில் கேபிளைச் செருகி, ரூட்டரின் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு, ராத்திரி எட்டரைக்கு வேகம் பாருங்கள். வைஃபை அணைந்த பிறகு எதிர்வீட்டுப் பையன் என்ன, எமனே வந்தாலும் அதில் ஏற முடியாது. அப்போதும் மெதுவாக இருந்தால் கோளாறு லைனில் அல்லது நிறுவனத்தின் பக்கத்தில். கேபிளில் பறந்து வைஃபையில் தவழ்ந்தால், காரணம் சேனல் நெரிசலாகவும் இருக்கலாம், ஓசி ஆளாகவும் இருக்கலாம். அதற்குமேல் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. கையோடு இன்னொன்று: போனை 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் சேர்த்துப் பாருங்கள். அது சுவரைத் தாண்டத் திணறும், அதனாலேயே பக்கத்து வீடுகளின் தொந்தரவு அதில் குறைவு. ரூட்டரை இரும்பு பீரோ மேலிருந்தும் இறக்கி வையுங்கள். அங்கேதான் வைத்திருப்பீர்கள், எல்லா வீட்டிலும் அங்கேதான் இருக்கிறது.

சரி, பதினொரு கருவி. இந்தப் பட்டியலைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறையப் பேர். பல ரூட்டர்களில் அது இப்போது உள்ளே இருப்பவர்களின் பட்டியல் அல்ல. ரூட்டர் அண்மையில் முகவரி கொடுத்த எல்லாக் கருவிகளின் பட்டியல். ஒரு முகவரியின் தவணை பெரும்பாலும் ஒரு நாள் ஓடும். நேற்று சாயந்திரம் வந்து காபி குடித்துவிட்டுப் போன உங்கள் நாத்தனாரின் போனும் இன்று காலை அதில் இருக்கும். 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தால், புதிய போன்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு மேக் முகவரி, அதாவது கருவியின் அடையாள எண், காட்டும். ஒரே போன் இரண்டு ஆளாகத் தெரியும். டிவி, செட்டாப் பாக்ஸ், கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. ராயபுரத்தில் ஒரு வீட்டில் ‘இஎஸ்பி’ என்று தொடங்கி எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர் பட்டியலில் வந்துகொண்டே இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் அதை ஏதோ உளவாளி என்றே நம்பி, அதற்குள் இரண்டு முறை பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். மாற்றிய ஒரு மணி நேரத்தில் அது மறுபடி உள்ளே. நான் போய் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன். பூஜை அறையில் மகன் வாங்கி மாட்டியிருந்த ஸ்மார்ட் பிளக்கைப் பிடுங்கியதும் பெயர் மறைந்தது. மலிவான ஸ்மார்ட் சாமான்கள் பலவற்றில் எஸ்பிரஸிஃப் என்ற நிறுவனத்தின் சில்லு இருக்கும், அந்தப் பெயர் அதிலிருந்து வருவது. ஒவ்வொரு முறையும் மருமகள்தான் போனில் புது பாஸ்வேர்டை அதற்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். யாரும் பெரியவரிடம் சொல்லவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

ஆகவே பட்டியலை வைத்து ஆளைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். கருவியின் பெயரை வைத்து அது யார் கையில் இருக்கிறது என்று என்னாலும் சொல்ல முடியாது, வேறு எவராலும் முடியாது. பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றிய நொடியில் பழைய எல்லாரும் வெளியே. உங்கள் வீட்டுக் கருவிகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாளில் இருப்பதும் ரூட்டரில் இருப்பதும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் யாராவது வாசலில் வந்து, “அக்கா, உங்க வீட்ல நெட்டு வருதா?” என்று அக்கறையாக விசாரிப்பார்கள். உங்கள் வீட்டு நெட் நின்றது அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் அனுபவத்தில் எந்த ஆப்பும் இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்துக் கொடுத்ததில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் வைஃபையில் ஒருவர் ஏறியிருந்தால், அவர் எதையும் உடைத்துக்கொண்டு வந்திருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் நாமே சாவியைக் கொடுத்திருப்போம், அல்லது சாவி எங்கே இருக்கும் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். மூலக்கடை பக்கம் மாவுக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, ராத்திரி கடை அடைத்த பிறகும் வாசலில் ஏழெட்டுப் பையன்கள் உட்கார்ந்து கேம் ஆடுகிறார்கள் என்று கூப்பிட்டார். கடையின் வைஃபை பெயர் கடையின் பெயரேதான். பாஸ்வேர்டு அவருடைய செல் நம்பர். நான் நிமிர்ந்து பார்த்தேன், தலைக்கு மேலே பெயர்ப் பலகை. இட்லி மாவு, அடை மாவு, அதற்குக் கீழே ஒரு அடி உயர எழுத்தில் பாஸ்வேர்டு.

இதில் எங்கள் தொழில்காரர்களுக்கும் பங்கு உண்டு, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, தரைத்தள வீடுகளில் நனைந்துபோன ரூட்டர் பாக்ஸ்களை மாற்றிக்கொண்டே இருந்தோம். ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்று எண்ணக்கூட நேரமில்லை. நான் போன வீடுகளில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரும் 1234-ம் என்று ஒரே வாய்ப்பாடாகப் போட்டுவிட்டு வந்தேன். யாராவது ஒரு வீட்டு பாஸ்வேர்டு தெரிந்தால் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த மாதிரி. பின்னால் ஒவ்வொரு வீடாகப் போய் மாற்றச் சொன்னேன். பாதிப் பேர் “அதான் நல்லா ஓடுதே” என்றார்கள். உங்கள் பாக்ஸை மாட்டிய பையன் வைத்த பாஸ்வேர்டே இன்னும் இருக்கிறதென்றால், இதைப் படித்து முடிக்கும்முன் அதை மாற்றிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்து, கொடுத்த பாஸ்வேர்டு கொடுத்த இடத்தில் நிற்காது. ஆண்ட்ராய்டு 10-இலிருந்து, போனில் சேமித்த வைஃபையை ஒரு க்யூஆர் சதுரமாகக் காட்டலாம், பல போன்களில் அதன் அடியிலேயே பாஸ்வேர்டு எழுத்தாகவும் வரும். ஐபோனில் ஐஓஎஸ் 16-இலிருந்து சேமித்த பாஸ்வேர்டைத் திறந்து பார்க்கலாம். பரீட்சைக்கு ஃபாரம் போட வேண்டும் என்று கீழ்வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாள் கொடுத்தீர்கள். அவள் தம்பி அவள் போனில் சதுரத்தைக் காட்டச் சொல்லி எடுத்துக்கொண்டான், அவனிடமிருந்து அவன் நண்பன். யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் மாடிப்படி முழுக்க உங்கள் நெட்தான். இலவச வைஃபை கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சில ஆப்கள் இருக்கின்றன; அவற்றில் சில, நிறுவியவரின் போனில் உள்ள வைஃபை பாஸ்வேர்டுகளை ஊருக்கே பகிர்ந்துவிடும். உங்கள் வீட்டு விருந்தாளி போனில் அப்படி ஒன்று இருந்தால் போதும்.

உண்மையாகவே உடைப்பவர்கள் எப்படி உடைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த மாதிரி பாஸ்வேர்டு வைக்க வேண்டும் என்பது அதைப் புரிந்தால்தான் புரியும். உங்கள் போனும் ரூட்டரும் சேரும்போது நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்கின்றன. பாஸ்வேர்டு அதில் நேராகப் போவதில்லை. பாஸ்வேர்டை வைத்துப் போட்ட ஒரு கணக்கின் விடை போகிறது. தெருவில் நிற்கிறவன் அந்த விடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். போய், ஒவ்வொரு பாஸ்வேர்டாக எடுத்து அதே கணக்கைப் போட்டு, விடை பொருந்துகிறதா என்று பார்ப்பான். இதெல்லாம் அவன் கம்ப்யூட்டரில் நடக்கிறது, உங்கள் ரூட்டருக்குத் தெரியவே தெரியாது. மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும் கதையெல்லாம் இங்கே கிடையாது.

இப்போது செல் நம்பர் பாஸ்வேர்டைக் கணக்குப் போடுவோம். நம் ஊர் செல் நம்பர் 6, 7, 8, 9 என்ற நான்கு எண்களில் ஒன்றில் தொடங்கும், பின்னால் ஒன்பது இலக்கம். மொத்தம் 400 கோடி வாய்ப்பு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 10 லட்சம் பாஸ்வேர்டு முயன்று பார்க்கும். 400 கோடியை 10 லட்சத்தால் வகுத்தால் 4000 நொடி, அதாவது ஒரு மணி நேரமும் ஏழு நிமிஷமும். சோறு வடித்துக் குழம்பு வைக்கிற நேரம். இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2021-இல் சைபர்ஆர்க் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இஸ்ரேலின் டெல் அவீவ் நகரில் சுற்றி, 5000 வைஃபைகளிலிருந்து இந்த மாதிரித் தகவலைத் திரட்டினார். அதில் 3500-க்கும் மேல் உடைந்தது. முக்கியக் காரணம், அங்கேயும் மக்கள் செல் நம்பரைத்தான் வைத்திருந்தார்கள். உலகம் முழுக்க மனிதர்கள் ஒரே மாதிரிதான் சோம்பேறிகள்.

அப்படியானால் என்ன வைப்பது? குறைந்தது 8 எழுத்து, அதிகம் 63 எழுத்து என்பது வைஃபையின் வரையறை. சின்னதாக, ஆச்சரியக்குறியும் நட்சத்திரமும் கலந்து, வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒன்றை வைப்பதைவிட, நீளமாக, சம்பந்தமில்லாத சொற்களை அடுக்கி வைப்பதே நல்லது. தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் அடிக்கலாம்: முருங்கை, லாரி, திண்ணை, சுண்டல், தாத்தா என்பது மாதிரி ஐந்து சொல். ஒருவன் உங்கள் முறை தெரிந்து, 2000 சொற்களின் பட்டியலோடு உட்கார்ந்தாலும், நான்கு சொல்லுக்கு அந்தக் கார்டில் ஆறு மாதம் ஆகும், ஐந்து சொல்லுக்கு ஆயிரம் வருஷம். ஒரு சொல் கூடினால் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ஆனால் சொற்கள் தற்செயலாக வர வேண்டும். குறளின் முதல் சீர்கள், பிள்ளைகளின் பெயர்கள், குலசாமி பெயரோடு ஊர் என்றெல்லாம் வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. பழைய நாளிதழை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்து ஐந்து சொல் எடுங்கள். நான் மேலே எழுதியதை அப்படியே வைத்துவிடாதீர்கள், அது இனிமேல் ரகசியம் இல்லை.

ரூட்டர் பக்கத்தில் பாதுகாப்பு முறை என்று ஒரு இடம் இருக்கும். அதில் வெப் (WEP) என்று இருந்தால் அது பூட்டே இல்லை. 1997-இல் வந்தது, 2001-லேயே அதன் ஓட்டையை ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று இருப்பது வீட்டுக்குப் போதுமானது, நல்ல பாஸ்வேர்டு இருக்கும்வரை. 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 இன்னும் மேல். விடையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும் வித்தை அதில் எடுபடாது. பாக்ஸில் அது இருந்தால் இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். கலந்த முறையில் பழைய போன்கள் டபிள்யூபிஏ2-இல்தான் சேரும், அந்தப் பக்கம் பழைய பலவீனம் இருந்துகொண்டே இருக்கும், அதனால் ஐந்து சொல் பாஸ்வேர்டை அப்போதும் விடாதீர்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று போட்டால் மாமியாரின் பழைய போன் சேராது, அப்புறம் வேறு பிரச்சினை.

டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி இருக்கும், பாக்ஸின் பின்னால் பட்டனாகவும் இருக்கும். அதைக் கட்டாயம் அணையுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் சேர 8 இலக்க பின் எண் ஒன்றும் அதில் உண்டு. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு இருக்க வேண்டும். ஆனால் ரூட்டர் முதல் நான்கைத் தனியாகச் சரி, தப்பு என்று சொல்லிவிடும். பின்பாதியில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண், ஆக மூன்றுதான் மிச்சம். 10,000-ம் 1,000-ம் கூட்டினால் 11,000 முயற்சி, கதை முடிந்தது. 2011 டிசம்பரில் இது வெளிவந்தது. இங்கே நீங்கள் எத்தனை அழகான ஐந்து சொல் வைத்தாலும் பயனில்லை, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரி. புதிய பாக்ஸ்கள் பலவும் நாலைந்து தப்பு முயற்சிக்குப் பின் பூட்டிக்கொள்ளும். உங்களுடையது அப்படியா என்பதை வெளியிலிருந்து நான் சொல்ல முடியாது. அணைத்துவிட்டால் அந்தக் கேள்வியே இல்லை.

இன்னொரு குழப்பம் எல்லா வீட்டிலும் உண்டு. வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரூட்டரின் உள்ளே போய் மாற்றங்கள் செய்யும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. முன்னது வாசல் சாவி, பின்னது பீரோ சாவி. வாசல் சாவியை மாற்றிவிட்டு பீரோவை ‘அட்மின், அட்மின்’ என்றே விட்டு வைத்திருப்பார்கள். உள்ளே வந்தவன் எவனும் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, நீங்கள் மாற்றிய புதிய பாஸ்வேர்டையும் பார்த்துவிட்டுப் போவான். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துக்கொண்டது, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாறாமல் இருந்த ஒரே காரணத்தால். வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: இணைப்பு நிறுவனம் கொடுத்த பாக்ஸில் அவர்கள் தொலைவிலிருந்து நுழைய தனி வழி வைத்திருப்பார்கள். சில மெனுக்கள் உங்களுக்குத் தெரியாமலே பூட்டியிருக்கும். டபிள்யூபிஎஸ் அணைக்கும் இடமே கண்ணில் படவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு அவர்களையே அணைக்கச் சொல்லுங்கள். அது அவர்கள் செய்ய வேண்டிய வேலை, தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டுக்கு வருகிறேன். பெயரை மறைப்பது: மறைத்த பெயர் பட்டியலில் தெரியாதே தவிர, உங்கள் போன் சேரும்போது அந்தப் பெயர் காற்றில் அப்படியே போகிறது, பார்க்கத் தெரிந்தவனுக்கு ஒரு நிமிஷ வேலை. அது மட்டுமில்லை, பெயரை மறைத்தால் உங்கள் போன் போகிற இடமெல்லாம் “இன்னார் வைஃபை இங்கே இருக்கிறதா” என்று கூவிக்கொண்டு போகும். லாபம் சொற்பம், தொந்தரவு அதிகம். வேண்டாம். மேக் ஃபில்டர்: ஒவ்வொரு கருவிக்கும் உள்ள முகவரியைப் பட்டியல் போட்டு, இதில் உள்ளவை மட்டும் வரலாம் என்று வைப்பது. அந்த முகவரியும் காற்றில் வெளிப்படையாகத்தான் போகிறது, அதைப் பார்த்துத் தன் கருவிக்கு அதே முகவரியை மாட்டிக்கொள்ளலாம். அதோடு ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொட்டு போன்கள் தாமாகவே ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. போன் மாற்றினால், ரீசெட் செய்தால், உங்களையே உங்கள் ரூட்டர் வெளியே நிறுத்தும். விவரம் தெரியாத பையன்களை ஒருநாள் இரண்டு நாள் திணற வைக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பாஸ்வேர்டு சரியாக இருந்தால் இது தேவையில்லை, சரியில்லை என்றால் இது காப்பாற்றாது.

இவை இரண்டுக்கும் பதிலாகப் பாக்ஸில் கெஸ்ட் நெட்வொர்க் இருக்கிறதா பாருங்கள். அதற்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. வருகிறவர்கள், டியூஷன் பிள்ளைகள், ஸ்மார்ட் பல்பு எல்லாம் அதில். வீட்டு போன், லேப்டாப், டிவி மட்டும் முதன்மை வைஃபையில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும், யாரிடமும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. இதனால் இன்னொரு நன்மை. ஒரே வைஃபையில் இருப்பவர்களுக்கு உங்கள் டிவி கண்ணுக்குத் தெரியும். காசிமேட்டில் ஒரு பாட்டி, ராத்திரி பத்து மணிக்கு டிவி தானாக உயிர்பெற்று யாரோ துப்பாக்கி சுடும் வீடியோ ஓடுகிறது, வீட்டில் ஏதோ இருக்கிறது என்று மந்திரிக்கவே ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மேல்மாடிப் பையன் தன் வீட்டு டிவி என்று நினைத்து இந்த டிவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அவனும் பயந்துவிட்டான், தன் வீட்டு டிவியில் எதுவும் வரவில்லையே என்று.

வைஃபையில் ஏறியவனால் உங்கள் வங்கி விவரம் எல்லாம் பார்க்க முடியுமா என்று பயந்திருக்கிறீர்கள். வங்கி ஆப்பும் தளமும் அனுப்பும் தகவல் தனியாகப் பூட்டப்பட்டுத்தான் போகிறது. ஒரே வைஃபையில் இருப்பதாலேயே அதைப் படித்துவிட முடியாது. ரூட்டரின் அட்மின் வரைக்கும் போய்விட்டால் உங்களைப் போலித் தளங்களுக்குத் திருப்பிவிட முயலலாம், அதனால்தான் பீரோ சாவியைப் பற்றி அவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

சட்டம் பற்றி நான் வக்கீல் இல்லை, எழுதியிருப்பதை மட்டும் சொல்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-இன்படி உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அவர் நெட்வொர்க்கில் நுழைவது தவறு. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66-இல் மூன்று வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். இன்னொரு பக்கம், உங்கள் இணைப்பில் யார் என்ன செய்தாலும் முதலில் தேடி வரும் முகவரி உங்களுடையதுதான். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் விசாரணை அவர் வீட்டு வாசலில்தான் தொடங்கியது.

இதைச் சொன்னது எதிர்வீட்டுப் பையன்மேல் புகார் கொடுக்கச் சொல்லி அல்ல. அவன்தான் என்பதற்கு உங்களிடம் இருப்பது சந்தேகம் மட்டும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள். நிஜமாகவே படிக்கத்தான் நெட் வேண்டும் என்று அவன் அம்மா வந்து கேட்டால், கெஸ்ட் பாஸ்வேர்டைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் மனசு. நான் கொடுப்பேன், ராத்திரி பத்து மணிக்கு அணையும்படி நேரம் வைத்து.

இன்று ராத்திரியே உட்காருவதாக இருந்தால் அட்மின் பாஸ்வேர்டில் தொடங்குங்கள், அடுத்து டபிள்யூபிஎஸ், கடைசியில் வைஃபை பாஸ்வேர்டு. அதை மாற்றியதும் உங்கள் போனும் வெளியே விழுந்துவிடும் என்பதால் இந்த வரிசை. ரூட்டர் நடையிலோ மாடிப்படியிலோ மாட்டியிருந்தால் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள், யாராவது ஊசியால் பாக்ஸின் சின்ன ரீசெட் ஓட்டையைப் பத்து நொடி அழுத்தினால் நீங்கள் செய்த எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும். மெனு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து மாடல் பெயரை எழுதுங்கள், வழி சொல்கிறேன். எழுதினால் போதும், போட்டோ எடுத்துப் போடாதீர்கள். அதே ஸ்டிக்கரில்தான் பாஸ்வேர்டும் இருக்கிறது.